உட்காராத பேரவை

மனித குலத்தைக் கிருமிகளிடமிருந்து கடைசிவரை காக்கப்போவது மருந்தல்ல, மருத்துவரும் அல்ல. மருந்தைக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும் மன உறுதியே. பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், நுண்ணுயிர்க்கொல்லிப் பாதுகாப்புப் பேரவையின் கதவுக்கு மேலே, இந்த வாசகம் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டப்பட்டிருக்கிறது. வலதுபக்க ஆணி கழன்றுவிட்டதால் மன உறுதி மட்டும் சற்றுச் சரிந்து தொங்கும்.

அந்தத் தகட்டுக்குக் கீழே நெட்டை வந்து நிற்க நேர்ந்ததற்கு அவனுடைய கன்னங்களே காரணம்.

நெட்டை கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். மூக்கில் மாட்டுகிற கண்ணாடி அல்ல, முகம் பார்க்கிற கண்ணாடி. ஆளுயரக் கண்ணாடியைத் தனியாளாகத் தூக்கி, வெளிச்சம் கண்ணைக் குத்தாத கோணத்தில் பிடித்து, வந்தவர் தன்னையே பார்த்துத் திருப்தியடையும்வரை கை நடுங்காமல் நிற்பது அவன் வேலை. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் கடையின் நாலு சுவரும் கண்ணாடி. மற்ற இடங்களில் ஒருவனுக்கு ஒரு பரு வந்தால் ஒரு பருதான். நெட்டைக்கு ஒன்று வந்தால் கடை முழுக்க வந்தது. இப்போது வந்திருந்ததோ ஒன்றல்ல. நெற்றியில் தொடங்கித் தாடை வரை குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தன.

வாடிக்கையாளர்கள் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார்கள். பின்னால் நெட்டையின் முகம் தெரியும். உடனே கைக்குட்டையை எடுப்பார்கள்.

"என்னப்பா, கண்ணாடியில புள்ளி இருக்கே?"

"துடைச்சுப் பாருங்க சார்."

"போகலையே."

"அப்போ அது கண்ணாடியில இல்லீங்க."

அதற்குப் பிறகு அவர் கண்ணாடியையும் பார்க்க மாட்டார், நெட்டையையும் பார்க்க மாட்டார். சங்கடத்தோடு விலை கேட்டு, சங்கடத்தோடு வெளியே போய்விடுவார்.

முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"டேய் நெட்டை, உன் மூஞ்சியை நான் குறை சொல்றேன்னு நினைக்காத. கறிக்கடைக்காரன் மூஞ்சி எப்படி இருந்தாலும் கறி விக்கும். கண்ணாடி விக்கிறவன் மூஞ்சி சரக்குலயே தெரியுதேடா, நான் என்ன பண்ணுவேன்? புதுக் கிளைக்கு நீதான் பொறுப்புன்னு வாயால சொல்லிட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாத்தணும்னுதான் எனக்கும் ஆசை. திறப்பு விழாவுக்குள்ள முகத்தைச் சரி பண்ணிக்கோ. இல்லேன்னா வேற வழியில்ல, என் மச்சானைத்தான் போடணும்."

"முதலாளி, உங்க மச்சான் போன வாரம்தான் மூணு கண்ணாடியை..."

"உடைச்சான். தெரியும். ஆனா உடைஞ்ச துண்டுலகூட அவன் மூஞ்சி பளிச்சுன்னு தெரிஞ்சுது பாரு. அதுவரைக்கும் நீ கிடங்குலயே இரு."

நெட்டை கிடங்குக்குப் போனான். அங்கே கண்ணாடிகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

ஏற்கெனவே அவன் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தான். அந்த அம்மா கொடுத்த களிம்பு வேலை செய்தது; முகத்தைவிடத் துணியில் நன்றாக வேலை செய்தது. பட்ட இடமெல்லாம் சாயத்தைத் தின்றுவிடும். தலையணை உறை, துண்டு, சட்டைக் காலர் எல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்தன. அவனுடைய அக்கா ஒருநாள் துவைத்த துணியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"டேய், என் கருநீலத் துண்டு உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு? வீட்ல இருக்கிற துணிக்கெல்லாம் பரு வந்துடுச்சு. உனக்குத்தான் ஒண்ணும் போகலை."

"கையைக் கழுவாம எடுத்துட்டேன்க்கா."

"அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு பாரு. எவன் திருடினான்னு போலீஸே தேட வேண்டாம்."

துண்டின் நடுவே வெளிறிய மஞ்சளில் ஒரு முழுக் கை. நெட்டை அதை மறக்கவில்லை. அக்கா மறக்க விடவுமில்லை.

மறுமுறை போனபோது தோல் டாக்டர் அவன் தாடையை இந்தப்புறமும் அந்தப்புறமும் திருப்பிப் பார்த்தார். "களிம்பு மட்டும் போதாது தம்பி. ஆழமா இறங்கியிருக்கு. கூடவே சாப்பிடற ஆன்டிபயாடிக் கொஞ்ச மாசத்துக்கு வேணும். பெரிய டம்ளர் நிறைய தண்ணியோட முழுங்கணும். முழுங்கினதும் படுக்கக்கூடாது, தொண்டையைப் புண்ணாக்கிடும். பால் கூடச் சேர்த்துக் குடிக்கக்கூடாது. வெயில்ல ரொம்ப அலையக்கூடாது. களிம்பையும் விடக்கூடாது. முக்கியமா, நீயா பாதியில நிறுத்தக்கூடாது. எப்போ நிறுத்தணும்னு நான் சொல்வேன்."

"சரிங்க டாக்டர். எழுதிக் கொடுங்க."

தோல் டாக்டர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடியும் மூடினார்.

"எழுத எனக்குக் கை இருக்கு, அதிகாரம் இல்ல. மேல பேரவை ஒத்துக்கணும். முத்திரை இல்லாம வெளிக் கடையிலயும் தர மாட்டாங்க."

"கண்ட மாத்திரையைக் கண்டபடி தின்னக்கூடாதுன்னு ஒரு குழு வெச்சிருக்காங்க, அதுதானுங்களே? நல்லதுதானே டாக்டர்?"

"நானும் அப்படி நினைச்சுத்தான் ஆரம்பிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்," என்றார் தோல் டாக்டர்.

பேரவைக் கூடத்தின் நடுவில் நீண்ட மேசை. அதைச் சுற்றி மெத்தை வைத்த நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் உறுப்பினரின் பதவி பொறித்த பலகை. எந்த நாற்காலியிலும் ஆள் இல்லை. உறுப்பினர்கள் எல்லாரும் தத்தம் நாற்காலிக்குப் பின்னால், பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் ஒரு காலை மடக்கி மறுகாலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நெட்டை பழக்க தோஷத்தில் ஓரத்து முக்காலியில் உட்காரப் போனான். பேரவைச் செயலாளர் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"என்னய்யா பண்றே? பேரவை நின்னபடிதான் கூடும். மரபு."

"எந்தக் காலத்து மரபு சார்?"

"போன மழைக்காலத்துலேர்ந்து."

தலைவர் வந்தார். அகன்ற உடம்பு, கருநீலக் கால்சட்டை. நாற்காலியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு அதை லேசாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றார். உரை தொடங்கியது.

"கிருமி உட்காருவதில்லை. ஆகவே நாமும் உட்காருவதில்லை. இந்தப் பேரவை பிறந்த நாள் முதல் ஒரு மாத்திரைகூடத் தவறான கைக்குப் போனதில்லை. ஏன்? எந்தக் கைக்கும் போனதில்லை! காலாவதியாகிப் புதைக்கப்பட்டவை உண்டு. ஆனால் அவை கண்ணியத்தோடு புதைக்கப்பட்டன. இன்று கிருமிகள் நம்மைக் கண்டு அஞ்சுகின்றன. நோயாளிகளும் நம்மைக் கண்டு அஞ்சுகிறார்கள். நம்மிடம் பாரபட்சம் கிடையாது."

கைதட்டினார்கள். கைதட்டப் பலகையை விட்டதில் ஒருவர் தள்ளாடினார்.

நெட்டையின் விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்பட்டது. உடனே நுண்ணுயிரியல் பேராசிரியர் கையை உயர்த்தினார். ஒல்லியான மனிதர், எதையும் பாதிக் கண்ணீரோடு பேசுவார்.

"தலைவர் அவர்களே, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குவது நியாயமா? இவர் கன்னத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கிருமிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நோட்டீஸ் போயிருக்கிறதா?"

செயலாளர் தாள்களைப் புரட்டினார். போகவில்லை.

"பாருங்கள்! ஓர் உயிர், தனக்கு எதிராக விசாரணை நடப்பதே தெரியாமல், ஒருவரின் மயிர்க்காலில் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது..."

"கிருமி உட்காருவதில்லை," என்று தலைவர் திருத்தினார்.

"நின்றுகொண்டிருக்கிறது. அதன் சார்பில் நானே வாதாடுகிறேன்."

வாதாடினார். கிருமி இந்த இளைஞனிடம் பணம் கேட்டதா? பொய் சொன்னதா? கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் இருட்டு, இதைத் தவிர வேறெதைக் கேட்டது? நெட்டைக்கே ஒரு கட்டத்தில் கிருமியின் மேல் பாவமாக இருந்தது. நம்மால் எத்தனை பேருக்குத் தொந்தரவு என்று தோன்றியது.

அப்போது செயலாளர் தும்மினார்.

கூடம் நின்றது. அதாவது, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த கூடம் அசையாமல் நின்றது. தலைவர் மேசை இழுப்பறையைத் திறந்து, பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"இந்தாய்யா, ரெண்டு போட்டுக்க."

"இது ஆன்டிபயாடிக்தானே சார்? எத்தனை நாளைக்குப் போடணும்?"

"தும்மல் நின்னதும் நிறுத்திடு. மிச்சத்தை வீட்ல வை, பிள்ளைங்களுக்கு ஆகும்."

அட்டை கைமாறியது. வயிறு சரியில்லை என்று ஒருவர் ஒன்று எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போகிறேன், கைவசம் இருக்கட்டும் என்று இன்னொருவர். நுண்ணுயிரியல் பேராசிரியரும் தொண்டையைத் தடவிக்கொண்டே ஒன்று எடுத்தார். "வாதாடினதுல லேசா கரகரங்குது," என்றார். தேநீரோடு விழுங்கினார்கள். தேநீரில் பால் இருந்தது. நெட்டை வாயைத் திறக்கப் போய், தன் விண்ணப்பத்தை நினைத்து மூடிக்கொண்டான்.

"சரி, முகத்தைப் பரிசோதிப்போம்," என்றார் தலைவர்.

நெட்டை முன்னால் வந்தான். நல்லெண்ணம் ஏற்படட்டும் என்று காலையில் களிம்பைத் தாராளமாக அப்பிக்கொண்டு வந்திருந்தான். தலைவர் அவன் இரண்டு கன்னங்களையும் உள்ளங்கையால் அழுத்தி, மாம்பழம் பழுத்ததா என்று பார்க்கிறவர்போல உருட்டிப் பார்த்தார்.

"டாக்டர் சொல்லியிருக்காங்க, களிம்பு பட்டா கையைக் கழுவ..." என்று நெட்டை ஆரம்பித்தான்.

"என் கைக்கு நீ சொல்லித் தர வேண்டாம்," என்றார் தலைவர். பிறகு நெடுநேரம் யோசித்தார். யோசிக்கும்போது அவருடைய வலது கை மெல்லப் பின்னால் போனது. போய் நெடுநேரம் வரவில்லை.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கதவைத் தாண்டி உள்ளே நடந்தபோது, அவருக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கருநீலக் கால்சட்டையின் பின்புறத்தில், வலதுபக்கம், வெளிறிய மஞ்சளில் ஐந்து விரல்கள். ஒரு விரல்கூடக் குறையவில்லை. அக்காவின் துண்டில் பார்த்ததைவிடத் தெளிவாக விழுந்திருந்தது.

தலைவரின் பின்புறம் பற்றித் தலைவரிடம் எடுத்துச் சொல்ல அந்தப் பேரவையின் விதிகளில் வழி இல்லை. ஆனால் காரணமில்லாமல் தலைவர் எதையும் அணியமாட்டார் என்பதில் எல்லாருக்கும் ஒருமித்த கருத்து இருந்தது.

அன்று விண்ணப்பம் கொள்கையளவில் ஏற்கப்பட்டது. நெட்டை கும்பிட்டான்.

"மாத்திரை எங்க வாங்கிக்கணும் சார்?"

"மாத்திரை இருப்பில்லை," என்றார் செயலாளர். "முழு இருப்பும் ஒரு சிறப்பு நோயாளிக்கு ஒதுக்கப்பட்டிருக்கு. புது இருப்பு வந்த பிறகுதான் உன் சீட்டுல முத்திரை."

"அவருக்கும் இப்படித்தான் விசாரணை நடந்துதா?"

"தேவைப்படலை. பேரவை அவரைத் தினமும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு."

அதற்கடுத்த கூட்டத்தில் நெட்டை தன் கண்ணையே நம்பவில்லை. செயலாளரின் கால்சட்டையில் ஐந்து விரல். பேராசிரியரின் கால்சட்டையில் ஐந்து விரல். சலவைக்காரரிடம் சொல்லிச் செய்ததில் கொஞ்சம் கோணலாக வந்திருந்தது. துணைத்தலைவர் இரண்டு பக்கமும் இரண்டு கைகளைப் பதித்திருந்தார். அவர் அடுத்த தலைவராக விரும்புகிறார் என்பது ஊரறிந்த விஷயம். காலாவதியான மாத்திரைகளுக்காக ஜன்னல் பக்கம் திரும்பி மௌன அஞ்சலி செலுத்தியபோது வரிசையாகப் பன்னிரண்டு பின்புறங்கள் கையசைத்து விடை கொடுப்பதுபோல இருந்தது.

தலைவர் அன்றுதான் அதைக் கவனித்தார்.

"என்னய்யா இது, எல்லார் பின்னாடியும் கை?"

உறுப்பினர்கள் அடக்கமாகப் புன்னகைத்தார்கள். "தங்கள் வழியில் சார்," என்றார் துணைத்தலைவர்.

தலைவர் எதுவும் புரியாமல் கழுத்தைத் திருப்பித் தன் பின்னால் பார்க்க முயன்றார். அவருடைய கழுத்து அதற்கேற்றதல்ல. கூட்டம் பாதியில் கலைந்தது.

இரண்டொரு நாளில் கண்ணாடிக் கடை வாசலில், சுட்டெரிக்கும் வெயிலில், முழங்கால் வரை நீண்ட மேல்கோட்டு போட்ட ஒருவர் வந்து இறங்கினார். முதலாளி அவரை அடையாளம் தெரிந்துகொண்டு ஓடிவந்தார்.

"வாங்க வாங்க, உட்காருங்க!"

"பரவாயில்ல, நிக்கிறேன்," என்றார் தலைவர். குரலைத் தாழ்த்தினார். "ஒரு மனுஷன் தன்னோட பின்பக்கத்தைத் தானே பார்த்துக்கணும்னா, அதுக்கு ஏதாவது கண்ணாடி இருக்கா?"

மச்சான் முன்வந்தார். இரண்டு கண்ணாடிகளை எடுத்து முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிடித்தார். தலைவருக்குக் கூரை தெரிந்தது. பிறகு மின்விசிறி தெரிந்தது. பிறகு மச்சானின் முகம் மிகப் பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒரு கண்ணாடி கீழே விழுந்தது.

"நெட்டையைக் கூப்பிடுங்கடா!" என்று கத்தினார் முதலாளி.

நெட்டை தலைவரைக் கிடங்குக்குள் அழைத்துப் போனான். ஆளுயரக் கண்ணாடி ஒன்றை முன்னால் நிறுத்தி, இன்னொன்றைப் பின்னால் சாய்த்து, அரை அங்குலம் திருப்பினான். தலைவர் மேல்கோட்டைத் தூக்கினார். ஐந்து விரல்களும் அவரைப் பார்த்து விரிந்தன.

தலைவர் தன் வலது கையை விரித்து அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது என் கைதானே?"

"உங்க கைதாங்க ஐயா. என் களிம்பு."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே ஐயா. கழுவச் சொல்லலாம்னு பார்த்தேன்."

தலைவர் பெருமூச்சு விட்டார். பன்னிரண்டு பேரையும் நினைத்துப் பார்த்திருப்பார். பிறகு, "கதவைச் சாத்திட்டு வெளிய நில்லு. உள்ள யாரையும் விடாதே," என்றார்.

நெட்டை வெளியே வந்து நின்றான். முதலாளியும் பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே இடுப்புவார் அவிழ்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எரிச்சலோடு ஒரு குரல்:

"தம்பி, இந்தக் கண்ணாடியில சிவப்பா ஒரு புள்ளி இருக்கு."

"துடைச்சுப் பாருங்க ஐயா."

உள்ளே துடைக்கும் சத்தம்.

"போகலையே. பக்கத்துல இன்னும் ரெண்டு இருக்கு."

"அப்போ அது கண்ணாடியில இல்லீங்க," என்றான் நெட்டை.

முதலாளி அவசரமாகத் தெருவைப் பார்த்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

தலைவர் வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. சிறப்பு நோயாளி யார், பேரவை ஏன் நிற்கிறது என்றெல்லாம் நெட்டைக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தான். தோல் டாக்டர் சொன்னது தானாக வாயில் வந்துவிட்டது.

"ஐயா, மாத்திரையைப் பாதியில நிறுத்திட்டீங்களா?"

"வலி நின்னா நிறுத்த மாட்டாங்களா? மறுபடி வந்தா மறுபடி போட்டுக்கறேன். இழுப்பறையிலதானே இருக்கு," என்றார் தலைவர். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நாளைக்கு வா. உன் சீட்டுக்கு முத்திரை போடச் சொல்றேன். வெளிக் கடையில வாங்கிக்க. இங்க நடந்தது..."

"இங்க என்னங்க நடந்துது? நீங்க கண்ணாடி பார்த்தீங்க."

"ம்," என்றார் தலைவர். இரண்டு கண்ணாடிகளையும் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பேரவை அவசரமாகக் கூடி, ஒருமனதாக, நின்றபடி ஒப்புதல் அளித்தது. ஒரே நிபந்தனை, முதல் மாத்திரையை நோயாளி பேரவையின் முன்னிலையில் விழுங்க வேண்டும். செயலாளர் தேநீர் கொண்டுவந்தார். நெட்டை முத்திரை விழுந்த சீட்டோடு வெளிக் கடைக்கு ஓடி மாத்திரை வாங்கி வந்தான்; தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான். முழு டம்ளரும் இறங்கும்வரை பேராசிரியர் தலை குனிந்து நின்றார்; சாகப்போகிற கிருமிகளுக்காகத் துக்கம் அனுசரிக்கிறார் என்று தெரிந்தது. தலைவர் உரையாற்றினார்: "ஒரு மாத்திரையும் வெளியே போகாத பேரவை என்ற பெருமையை இன்று நாம் இழக்கிறோம். ஆனால் கருணைக்கும் நம்மிடம் இடமுண்டு என்பதை இந்த இளைஞனின் கன்னம் நாளை சொல்லும்."

கன்னம் உடனே எதுவும் சொல்லவில்லை. முதல் சில வாரங்கள் வீம்பு பிடித்தது. நெட்டை தினமும் தண்ணீர் குடித்து மாத்திரையை விழுங்கி, விழுங்கிய கையோடு படுக்காமல் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றான். களிம்பையும் விடவில்லை, அக்கா வெள்ளைத் துண்டுக்கு மாறிவிட்டாள். மெல்ல மெல்ல நெற்றி காலியானது, அப்புறம் கன்னம். தாடையில் மட்டும் இரண்டு மூன்று பேர் போக மனமில்லாமல் இருந்தார்கள். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "மாத்திரையை நிறுத்திக்கலாம், களிம்பு தொடரட்டும்," என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நெட்டை நிறுத்தினான்.

முதலாளி வாக்கு மாறவில்லை. "மச்சான் கோவிச்சுக்கிட்டான்டா," என்று சொல்லிக்கொண்டே புதுக் கிளையின் சாவியை நெட்டையிடம் கொடுத்தார். "ஆனா கண்ணாடியை விட அவன் கோவம் விலை கம்மி."

திறப்பு விழாவுக்குப் பெரிய இடத்து ஆள் ஒருவர் வேண்டும் என்று முதலாளி பேரவைத் தலைவரையே அழைத்திருந்தார். பேரவை முழுவதும் வந்தது. ஐந்து விரல் கால்சட்டை இப்போது அவர்களுக்குச் சீருடை ஆகியிருந்தது. தலைவர் தடுக்க நினைத்தும் காரணம் சொல்ல முடியாமல் விட்டுவிட்டார். நாடாவை வெட்டினார். கடையின் நாலு சுவரிலும் நெட்டையின் முகம் தெரிந்தது. ஒருவரும் கைக்குட்டையை எடுக்கவில்லை. கிருமிகளுக்கு எதிரான நீண்ட போரில் பேரவை பெற்ற வெற்றியை இந்த முகம் உலகுக்குப் பறைசாற்றுகிறது என்று தலைவர் பேசினார். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

பேச்சு முடிந்ததும் முதலாளி சிறப்பு விருந்தினருக்கென்று வாங்கிய புது நாற்காலியைத் துடைத்து முன்னால் நகர்த்திப் போட்டார். வெளியார் வீட்டு விழாவுக்கு மரபு பொருந்தாது என்று துணைத்தலைவர் அறிவித்ததும் பேரவை உறுப்பினர்கள் எல்லாரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

தலைவர் மட்டும் உட்காரவில்லை.